பேத்தியின் மீன் தொட்டியும் என் வேப்பிலைக் கரைசலும்

நம் இதழில் நெல்லுக்கும் வாழைக்கும் நடுவே கண்ணாடித் தொட்டி மீனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு தொட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு மீன் சுணங்கினால் போதும், இயற்கை விவசாயிகளான நாம் கையில் இருக்கிற கரைசலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நானும் ஓடினேன். ஒரே ராத்திரியில் எட்டு மீன் செத்துப்போனது. அந்தக் கதையைச் சொன்னால் இன்னொருவர் வீட்டு மீனாவது பிழைக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் கொஞ்ச காலம் வட சென்னைக் கிளை ஒன்றில். கொளத்தூர், புழல் பக்கம் வண்ணமீன் வளர்க்கிறவர்களுக்கு நிறையக் கடன் கொடுத்திருக்கிறேன். சிமென்ட் தொட்டி எத்தனை, தாய் மீன் எத்தனை, வருமானம் எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் போடுவேன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திட்ட அறிக்கையில் இருந்ததுதான். ஓய்வு பெற்று மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கரில் விவசாயம் பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு வந்த பேத்தி மீன் தொட்டி கேட்டாள். ஒரு சனிக்கிழமை போய் இரண்டடி நீளத் தொட்டி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பை கூழாங்கல், அதே கையோடு பதின்மூன்று மீன் வாங்கி வந்தோம். ஆறு கப்பி, நாலு மோலி, இரண்டு ஏஞ்சல், அழுக்குத் தின்னும் என்று சொல்லி ஒரு சக்கர். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவதுதான் முதல் தப்பு என்று கடைக்காரர் சொல்லவில்லை. போர் தண்ணீரை மோட்டார் போட்டு நேராகத் தொட்டியில் நிரப்பினேன். அது இரண்டாவது தப்பு.

செவ்வாய்க்கிழமை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "தாத்தா, பேச வருது பாருங்க" என்றாள் பேத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் தண்ணீர் கலங்கலாக இருக்கவே, முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி, புதுத் தண்ணீர் விட்டேன். தொட்டி பளபளவென்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் மோலியின் கறுப்பு உடம்பில் ரவையைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளி. மார்கழிப் பனி வேறு. ஞாயிற்றுக்கிழமை எல்லா மீனிலும் புள்ளி.

பயிருக்குப் பூச்சி வந்தால் என்ன செய்வோம்? இரண்டு கைப்பிடி வேப்பிலையை மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டி, சாயந்திரம் தொட்டியில் ஊற்றினேன். பேத்திக்கு வேப்பிலையின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். திங்கட்கிழமை விடிந்தபோது ஆறு கப்பி, ஒரு மோலி, ஒரு ஏஞ்சல் மிதந்தன.

"வேப்பிலை நல்லதுதானே தாத்தா?"

பதில் சொல்ல முடியவில்லை. வயலில் எத்தனையோ நஷ்டம் பார்த்தாயிற்று, இது மாதிரி வலித்ததில்லை.

நான் கடன் கொடுத்த மீன்காரர் ஒருவரின் நம்பர் இன்னும் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மேனேஜர் சார், மீனுக்கு என்ன மருந்துன்னு கேக்கிறீங்க. தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே." அப்புறம் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும், மூன்று வருஷம் செய்து பார்த்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஏரியில் அது கரைந்து போய்விடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? நம் மண்ணில் நடக்கிற அதே வேலை அங்கும் நடக்க வேண்டும். ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கிக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி என்பது மக்காத எருவைக் கொட்டின பாத்தி மாதிரி. மண்ணில் நுண்ணுயிர் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசுகிற நான், ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து இருந்த கொஞ்ச நஞ்ச நுண்ணுயிரையும் கழுவி விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மீன் மேலே வந்தது பேசுவதற்கு அல்ல, செவுள் எரிந்ததால். எங்கள் போர் தண்ணீரின் கார அமில நிலை 8. தண்ணீர் காரமாக ஆக, சூடாக ஆக, அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகிறது. போதாக்குறைக்கு நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு. போர் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டுத்தான் தொட்டிக்கு மாற்ற வேண்டும். நகரத்து நண்பர்களுக்குக் குளோரின் பிரச்சினை. அதற்கும் ஒரு நாள் காற்றோட்டம் போதும், அவசரம் என்றால் கடையில் கிடைக்கிற ஹைப்போ கரைசல்.

நோயின் அறிகுறியை எப்படிப் பிடிப்பது? வங்கிக்காரன் கணக்கில் சொல்கிறேன். தொண்ணூறு நாள் தவணை கட்டாவிட்டால் வாராக்கடன் என்பது புத்தகத்துக்கு. கடன்காரர் கிளைப் பக்கம் வருவதைக் குறைக்கும்போதே நல்ல அதிகாரிக்குத் தெரிந்துவிடும். மீனும் அப்படித்தான். புள்ளி வருவதற்கு முன்னாலேயே தீனிக்கு வராது. வந்தாலும் வாயில் வாங்கித் துப்பும். துடுப்பை விரிக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கல்லில் போய் உரசும். கூட்டத்தை விட்டு மூலையில் நிற்கும். செவுள் வேகமாக அடிக்கும். தினம் தீனி போடும் இரண்டு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். பத்து மீனில் ஒன்பதுதான் வந்தது என்றால் அந்தப் பத்தாவதைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் லீவுக்கு வரும்போதெல்லாம் பேத்திதான் எண்ணுவாள்.

ஒரு மீன் மட்டும் சுணங்கினால் அது பெரும்பாலும் அந்த மீனின் பிரச்சினை. எல்லா மீனும் ஒரே நேரத்தில் சுணங்கினால் தண்ணீர்தான். முதலில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மருந்து எதுவானாலும் அதற்கு அப்புறம்தான். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் வண்ணமீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். மண் பரிசோதனைக்கு ஆயிரம் முறை சொல்கிற நாம் இதற்கு யோசிக்கக் கூடாது.

இப்போது வெண்புள்ளி நோய்க்கு வருகிறேன். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வருவது இதுதான். இது பூஞ்சை இல்லை, ஒரு செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து சாப்பிட்டுக் கொழுக்கிறது. நாம் பார்க்கிற புள்ளி அதுதான். கொழுத்ததும் மீனை விட்டு விழுந்து, அடிக்கல்லில் ஒட்டிக்கொண்டு, உறை கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிளந்து பெருகும். உறை வெடித்து வெளியே வரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சாகும். அதனால்தான் ஒரு நாள் மருந்து போட்டு, புள்ளி மறைந்ததும் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மிஞ்சிய ஐந்து மீனுக்கு நான் செய்தது இது. வேப்பிலைத் தண்ணீரைப் பாதி பாதியாக, ஆறவைத்த தண்ணீரால் இரண்டு நாளில் மாற்றினேன். ஹீட்டர் வாங்கி நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் 30 டிகிரி வரை ஏற்றினேன். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும், சீக்கிரம் நீந்த வெளியே வரும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் போனால் யுபிஎஸ்ஸில் போட்டேன். சாதாரணக் கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம். என் தொட்டியில் உண்மையில் நிற்கிற தண்ணீர் 45 லிட்டர், ஆக 90 கிராம். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். கடைக்காரர் சொல்லும் கொள்ளளவை நம்ப வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். அந்த 90 கிராமையும் மூன்று பங்காக்கி, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் ஊற்றினேன். தினமும் ஒரு ட்யூபால் அடிக்கல் அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். அதில் உறைகளும் வந்துவிடும். எடுத்த தண்ணீருக்கு ஈடாக விடும் புதுத் தண்ணீருக்கு மட்டும் அதே அளவில் உப்புச் சேர்த்தேன். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் வற்றிக் குறைந்தால் வெறும் தண்ணீர்தான் விட வேண்டும். இப்படிப் பதினான்கு நாள்.

இன்னொரு ஏஞ்சல் மூன்றாம் நாள் செத்தது. மூன்று மோலியும் சக்கரும் பிழைத்தன. மோலிக்கு உப்பு ரொம்பப் பிடிக்கும். சக்கர், கெளுத்தி ஜாதி மீன்களுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் ஆகாது. அதனால் சக்கரைத் தினம் கவனித்தேன், உப்பை 2 கிராமுக்கு மேல் ஏற்றவில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. அடிபட்ட இடத்தில் பஞ்சு ஒட்டினதுபோல நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. தனி வாளியில் மீனை மாற்றி உப்போ மெத்திலீன் புளூவோ கொடுத்தால் கேட்கும். மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளை, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டு என்றால் அது பூஞ்சை மாதிரி வேஷம் போடும் பாக்டீரியா நோய், காலம்னாரிஸ் என்பார்கள். இது சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். வெண்புள்ளி என்று நினைத்து ஹீட்டரை ஏற்றினால் இரண்டு நாளில் தொட்டியே காலி. சந்தேகமாக இருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள். ஒரு படம் எடுத்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

வால் நுனி கிழிந்து, ஓரம் வெளுத்துக் கரைந்துகொண்டே போவது துடுப்பழுகல். பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரும் நெரிசலும்தான் காரணம். தண்ணீரைச் சுத்தமாக வைத்தாலே பாதி மீன் மருந்தில்லாமல் தேறி, வால் திரும்ப முளைத்துவிடும். நான் கேட்ட ஒரு கடையில் இதற்கு மனுஷன் சாப்பிடுகிற டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் தூவச் சொன்னார்கள். தண்ணீர் மஞ்சளாகி, ஃபில்டர் பாக்டீரியா செத்து, அரைகுறை மருந்துக்குப் பழகின கிருமி மிஞ்சும். கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று கோஷம் போடுகிறோம், வரவேற்பறையில் மட்டும் போடலாமா?

வயிறு ஊதி, மேலிருந்து பார்த்தால் செதிலெல்லாம் சவுக்குக்காய் விரிந்த மாதிரி நிமிர்ந்து நின்றால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது. நான் பார்த்தவரை பிழைத்ததில்லை. தவிக்கவிடுவதைவிட ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் அரை மில்லி கிராம்பு எண்ணெயை நன்றாகக் குலுக்கிக் கலந்து, மீனை அதில் விட்டு அரை மணிக்கு மேல் வைத்தால் மயங்கியே போய்விடும். எழுதுவதற்குச் சங்கடமாக இருந்தாலும் சிலர் கேட்டதால் சொல்கிறேன். ஆனால் வயிறு மட்டும் ஊதி, செதில் படிந்தே இருந்து, கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் மலச்சிக்கல். இரண்டு நாள் பட்டினி போட்டு, வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோலுரித்து நசுக்கிக் கொடுங்கள்.

இனி வேப்பிலை விஷயம். இயற்கையில் கிடைப்பது எதுவும் தீங்கு செய்யாது என்று நாம் நம்பிவிடுகிறோம். குளத்தில் மீன் குஞ்சு விடுவதற்கு முன்னால் வேண்டாத மீனை ஒழிக்க என்ன போடுகிறார்கள்? இலுப்பைப் பிண்ணாக்கு. அதில் இருக்கிற சப்போனின் மீனின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அதுவும் மரத்தில் காய்த்ததுதான். வேப்பிலைச் சாறும் அளவு மீறினால் செவுளைக் கெடுக்கும். அரைத்த இலை தண்ணீரில் அழுகும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். வெண்புள்ளியால் ஏற்கெனவே செவுள் அடைத்துப்போன மீனுக்கு இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? நான் அளந்துகூட ஊற்றவில்லை. பஞ்சகவ்யம், புகையிலைக் கரைசல், மூலிகைப் பூச்சிவிரட்டி எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தெளிப்பான் அடித்த கையோடு தொட்டியில் கை விடுவதும் கூடாது. நான் பயன்படுத்துகிற ஒரே இலை, நன்றாகக் காய்ந்து உதிர்ந்த நாட்டுப் பாதாம் இலை. ஃபைட்டர் மீன் வளர்க்கிறவர்கள் பல காலமாகப் போடுகிறார்கள். தண்ணீரைத் தேயிலைச் சாயம் போல ஆக்கி, காரத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதை நோய்க்கு மருந்தாக நான் நம்பவில்லை.

நம் போன்றவர்களுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். கடையில் கிடைக்கும் பச்சை நிற வெண்புள்ளி மருந்துகளில் மலக்கைட் கிரீன் இருக்கும். உண்ணும் மீனுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பல நாடுகளில் தடை இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகவே கூடாது. உப்புப் போட்ட தண்ணீரும் செடிக்கு ஆகாது. மருந்தோ உப்போ இல்லாத தொட்டித் தண்ணீர் நல்ல உரம். கையில் அரிவாள் வெட்டு, முள் குத்தல் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். முதுகு வளைந்து மெலிந்துகொண்டே போகிற மீன்களில் காசநோய் வகைக் கிருமி இருக்கலாம். புண் வழியாக மனிதர் தோலுக்கும் வரும், ஆற மாதக்கணக்காகும். அதே காரணத்துக்காக ட்யூபை வாயால் உறிஞ்சவும் வேண்டாம்.

நோய் வந்த மீனையோ, வளர்ந்து பெருத்த சக்கரையோ பாவம் என்று ஏரியிலும் கிணற்றிலும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாவம் ஏரிக்குத்தான் வந்து சேரும். சக்கர் தென் அமெரிக்க மீன். நம் நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் சக்கர் ஒரு முழம் வளர்ந்ததும் பழைய மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து அதில் விட்டேன், இன்னும் இருக்கிறது.

இப்போது புது மீன் வாங்கினால் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. மாட்டுக் கொட்டகைத் திண்ணையில் இருபது லிட்டர் டப் ஒன்றில் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, ஏர் பம்ப், மேலே ஒரு வலை. அதில் மூன்று வாரம். வலை எதற்கு என்றால் மீன்கொத்தி. பையோடு இருபது நிமிஷம் மிதக்கவிட்டு மீனை மட்டும் எடுத்து விடுவோம், கடைத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். ஸ்பாஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுவோம். தீனி இரண்டு நிமிஷத்தில் தீர்கிற அளவுதான்.

போன மாதம் பேத்தி போனில் கூப்பிட்டாள். அவள் தோழி வீட்டில் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறக்கிறதாம். "தொட்டி வாங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டேன் தாத்தா. நாலு நாளாம். கால் பங்கு தண்ணி மாத்தச் சொல்லிட்டேன். ஸ்பாஞ்ச கழுவாதேன்னும் சொல்லிட்டேன்."

வேப்பிலையைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"அதைத்தான் தாத்தா முதல்ல சொன்னேன்."